தெய்வத்தாய்க்கு லீவு உண்டா?

1999 ஜனவரியில் இங்கிலாந்து கால்பந்து அணியின் பயிற்சியாளர் க்ளென் ஹாடில் ஒரு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். போன பிறவியில் செய்ததன் பலனைத்தான் ஊனத்தோடு பிறப்பவர்கள் அனுபவிக்கிறார்கள் என்ற பொருள்பட அதில் பேசியிருந்தார். நாடே கொதித்தது. தன் பேச்சைத் திரித்துவிட்டார்கள் என்றார், எடுபடவில்லை. சில நாட்களில் வேலை போனது.

நம் ஊரில் இதையே திண்ணையில் உட்கார்ந்து சொன்னால் ‘பெரியவர் சொன்னா சரியா இருக்கும்’ என்பார்கள். மேடையேறிச் சொன்னால் சால்வை போடுவார்கள். 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில், மாணவிகள் முன்னால், ஒரு சொற்பொழிவாளர் இதே சரக்கை அவிழ்த்தார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் தட்டிக் கேட்டார். விவகாரம் வெடித்து, பேச்சாளர் கைதானார். அந்த ஆசிரியர் அன்று விடுப்பில் இருந்திருந்தால்? கைதட்டலோடு கூட்டம் கலைந்திருக்கும்.

முன்வினைக் கணக்கு எழுதுகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். போலியோவில் கால் சூம்பிய பிள்ளைகள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அதற்கும் முன்வினை என்றுதான் சொன்னீர்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையான போலியோ கிருமி இந்தியாவில் ஒரு குழந்தையையும் முடக்கவில்லை. அந்த மாதத்தோடு போன பிறவிப் பாவிகள் எல்லோரும் தீர்ந்துபோனார்களா? இரண்டு சொட்டு மருந்துக்குப் பயந்து ஓடுவது கிருமியா, கர்மாவா?

இது முரட்டுப் பொய். முரட்டுப் பொய்யைப் பொளந்துவிடலாம். இன்னொரு பொய் இருக்கிறது. படித்தவர்கள் சொல்வது, இனிப்பாக இருப்பது. “உன்னால தாங்க முடியும்னு தெரிஞ்சுதான் கடவுள் இந்தக் குழந்தைய உங்கிட்டக் கொடுத்திருக்காரு. நீ தெய்வம்மா.”

இந்தத் தெய்வத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போங்கள். பந்திக்கூடத்துக்கு வெளியே, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மூளை முடக்குவாதம் உள்ள பத்து வயதுப் பையன் அம்மாவின் இடது கையில் சாய்ந்திருக்கிறான். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஸ்பூனால் ஊட்டுகிறாள். பாதி உள்ளே போகிறது, பாதி அவள் பட்டுப்புடவைக்கு வருகிறது. வாயைத் துடைத்துவிட்டு, விழுங்கிவிட்டானா என்று தொண்டையைப் பார்த்து, அடுத்த வாய். முக்கால் மணி நேரம். சாப்பிட்டு வருகிற சொந்தம் ஒவ்வொன்றும் நின்று, பையன் தலையைத் தடவி, “உன்ன மாதிரி ஒரு தாய் கிடையாது” என்று கண் கலங்கி, பீடா எடுக்கப் போகிறது. “கிண்ணத்த இப்படிக் கொடு, எப்படி ஊட்டணும்னு சொல்லு, நீ போய் ஒரு வாய் சாப்பிட்டு வா” என்று சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை. கடைசிப் பந்தியும் முடிந்த பிறகு ஆறிப்போன சாம்பாரோடு அந்தத் தெய்வம் சாப்பிடுகிறது.

ஒருத்தியைத் தெய்வம் ஆக்குவதில் நமக்கு வசதி இருக்கிறது. தெய்வத்துக்குப் பசிக்காது, தூக்கம் வராது, சினிமா பார்க்கத் தோன்றாது. அதற்கு லீவு கொடுக்க வேண்டியதில்லை. முன்வினை என்று பழிப்பவனும் தியாகி என்று புகழ்பவனும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்: ‘இது உன் பாடு, என் வேலை இல்லை.’

ஹாடிலின் வேலை போன அதே நாட்டில் 2011 ஏப்ரலில் ஒரு விதிமுறை நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறன் குழந்தைகளைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் இடைவேளை தர வேண்டும். அங்கே ‘ஷார்ட் பிரேக்’ என்கிறார்கள். பகலில் பார்த்துக்கொள்வது, ராத்தங்க வைத்துக்கொள்வது, குழந்தைகளை வெளியே விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் அழைத்துப்போவது, மாலையிலும் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் பெற்றோருக்குக் கைகொடுப்பது எல்லாம் இதில் அடக்கம். முறிந்து விழும் நிலையில் இருக்கிற பெற்றோருக்கு மட்டும் என்று அந்த விதி நிறுத்தவில்லை. தாய் படிக்கப் போகவும், வழக்கமான பொழுதுபோக்கில் ஈடுபடவும், மற்ற பிள்ளைகளைக் கவனிக்கவும், அன்றாட வீட்டுக் காரியம் பார்க்கவும் நேரம் கிடைத்தால் இன்னும் நன்றாகப் பராமரிப்பாள் என்றால், அதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஒரு தாய் பாட்டு வகுப்புக்குப் போவதை அரசாங்க விதி மதிக்கிறது. நம் மாமியார் மதிப்பாரா?

அந்த ஊர் சொர்க்கம் இல்லை. நிதி வெட்டு வந்தபோது அங்கேயும் இந்தச் சேவைகளில் கை வைத்தார்கள். பெற்றோர் நீதிமன்றப் படியேறினார்கள். ஆனால் படியேற முடிந்தது. சட்டம் இருந்தால் வழக்குப் போடலாம். கருணை நின்றுபோனால் யார் மேல் வழக்குப் போடுவது?

நம்மிடம் எழுத்தில் குறையில்லை. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில், வறுமையில் வாடும் இத்தகைய குடும்பங்களுக்கு இடை ஓய்வுப் பராமரிப்பும் கிடைக்க வேண்டும் என்று இருக்கிறது. குழந்தைக்கு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமபங்கு உண்டு என்றும் இருக்கிறது. தமிழக அரசு கடும் பாதிப்புள்ளவர்களுக்கு 2023 முதல் மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. வேண்டிய பணம்தான். ஆனால் நாளுக்கு 66 ரூபாயை வைத்து டயப்பர் வாங்குவதா, தெரபிக்கு ஆட்டோ பிடிப்பதா, தாய்க்கு இரண்டு மணி நேரம் வாங்குவதா?

“பெத்தவள மாதிரி வேற யார் பாத்துப்பா?” என்று கேட்பீர்கள். அவள் என்ன பிறக்கும்போதே கற்றுக்கொண்டா வந்தாள்? நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்தார்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை என்று கற்றுக்கொண்டாள். அவள் கற்றதை நாமும் கற்கலாம். நம்பி விட்டுப்போன இடத்தில் குழந்தைக்குக் கொடுமை நடந்துவிட்டால் என்ற பயம் நியாயமானது. அதற்குத்தான் பயிற்சியும் பின்னணி விசாரணையும் கண்காணிப்பும் கேட்கிறோம். பயத்துக்கு மருந்து ஏற்பாடு. பயத்தைக் காட்டி ஒருத்தியை ஆயுள் முழுக்கக் கட்டிப்போடுவது மருந்தாகாது.

குழந்தையின் பக்கம் நின்றும் பாருங்கள். மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலிகள் அலை வரைக்கும் போயின. அதுவரை தடுத்தது விதி இல்லை, மணல். பலகை போட்டதும் தீர்ந்தது. கோடை முகாம், நூலகத்துக் கதை நேரம், நீச்சல் குளம் என்று பலகை போடாத இடங்கள் இன்னும் எத்தனை!

இந்தப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசினால் கடைசியில் வந்து நிற்கும் பேச்சு ஒன்றுதான்: “எனக்கப்புறம் இவன யாரு பாப்பா?” தாய் கையால் மட்டுமே சோறு தின்று முப்பது வயதான பிள்ளைக்கு, அவள் போன மறுநாள் உலகமே அந்நியம். மாதம் இரண்டு சனிக்கிழமை வேறொருவர் கையால் சாப்பிட்டு, வேறொருவர் தள்ளப் பூங்காவுக்குப் போய்வந்த பிள்ளைக்கு அந்த அந்நியம் குறையும். தாயைத் தெய்வமாக்கி அவளிடமே விட்டுவிட்டவர்கள் பிள்ளைக்கும் துரோகம் செய்கிறார்கள்.

பிறந்தநாள் வந்தால் ஏதோ ஒரு இல்லத்துக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் படம் பிடித்து, புண்ணியம் சேர்த்துவிட்டதாக நினைக்கிறோம். உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டின் கதவு பல மாதமாகப் பாதிதான் திறக்கிறது. ஊட்டவும் தூக்கவும் கற்றுக்கொண்டு, சனிக்கிழமை மூன்று மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். வார்டு கவுன்சிலரிடம் போய், வார இறுதியில் பூட்டிக்கிடக்கும் பள்ளிக் கட்டடத்தில் ஒரு பகல்நேர மையமும் பயிற்சி பெற்ற ஆளும் கேளுங்கள். தேர்தல் வரும்போது திரும்பவும் கேளுங்கள். இதில் புண்ணியம் எதுவும் கிடைக்காது. அடுத்த பிறவிக்கும் உதவாது. இந்தப் பிறவியில் ஒருத்தி மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்குவாள், அவ்வளவுதான்.