கைதி சொன்ன யோபுவின் கதை

நம்முடைய விசுவாசத்தை மற்றவரிடம் சொல்ல தைரியம் வேண்டும் என்று ஜெபிக்கிறீர்கள். நல்ல ஜெபம். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: எந்த மனிதருக்கு எந்த வார்த்தை என்று.

ராதாபுரம் தாலுகாவில் இருக்கிறது வடக்கன்குளம். 1745 மே 14 அன்று அங்கே திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். பெயர் நீலகண்ட பிள்ளை. கொடுத்தவர் சேசு சபைக் குரு பூத்தாரி. அன்று முதல் அவர் தேவசகாயம். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவரை நமக்குத் தெரியும். அவரிடம் முதலில் பேசியவரை இன்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அவர் டிலனாய். டச்சுக் கம்பெனிப் படையில் தளபதி. 1741-ல் குளச்சல் போரில் தோற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் கைதியானவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். நாடு புதிது, பாஷை புதிது. உயிரே மன்னர் தயவில். வாயைத் திறக்காமல் இருக்க அவருக்கு எத்தனையோ காரணம் இருந்தது.

நீலகண்டனுக்கு அப்போது போதாத காலம். மாடுகள் செத்தன. பயிரும் போயிற்று. முகம் வாடிக் கிடந்தவரைப் பார்த்து டிலனாய் என்ன ஏது என்று விசாரித்தார். முழுவதையும் கேட்டபின் யோபுவின் கதையைச் சொன்னார். அப்படித்தான் இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

வேதாகமத்தில் சொல்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. மாட்டை இழந்தவருக்கு அவர் எடுத்தது, மாட்டை இழந்தவனின் கதை. யோபு பறிகொடுத்தது ஐந்நூறு ஏர் மாடு, ஆடும் ஒட்டகமும் ஆயிரக்கணக்கில், கடைசியில் பிள்ளைகளையும். விவசாயம் பார்க்கிற ஒருவருக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேட்டவுடன் நெஞ்சில் தைக்கும். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இதுதான். பெரிய கூட்டம் இல்லை, மேடை இல்லை. நொந்துபோன ஒருவர், அவர் பக்கத்தில் ஒரு நண்பர், அந்த நோவுக்குப் பொருந்துகிற ஒரு கதை.

அதே புத்தகத்தில் யோபுவின் சிநேகிதர்களையும் பாருங்கள். ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை நல்ல சிநேகிதர்கள். பிறகு பேச ஆரம்பித்தார்கள். கடவுளைப் பற்றியே பேசினார்கள், அத்தியாயம் அத்தியாயமாக. கடைசியில் கடவுளே அவர்களைக் கடிந்துகொண்டார். பேச அவர்களுக்குத் தைரியம் குறைவில்லை. யோபு இருந்த நிலைமைதான் அவர்கள் கண்ணில் படவில்லை. பக்தியான பேச்சும் புண்ணில் மிளகாய் அரைத்துப் பூசலாம்.

பவுல் அப்போஸ்தலனும் கைதிதான். எபேசு சபைக்கு எழுதியபோது கையில் சங்கிலி. எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்டார். விடுதலைக்காக அல்ல. வாயைத் திறக்கும்போது வார்த்தை கொடுக்கப்பட வேண்டும், பயமில்லாமல் பேச வேண்டும், அதற்காக. ஊர் ஊராகப் போய் சபைகளை நிறுவினவர் இதைக் கேட்டார். அப்படியிருக்க, வார்த்தை வரவில்லையே என்று நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேளுங்கள்.

பேசுவதற்கு விலை உண்டு. அதை மறைப்பது சரியல்ல. தேவசகாயம் 1749-ல் சிறைபிடிக்கப்பட்டார். எருமையில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அதற்கு முன்பே அவர் தன் வீட்டில் பேசியிருந்தார். மனைவி பார்கவி அம்மாளும் அதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ அம்மாள் ஆனார். கைதி ஒருவர் சிநேகிதரிடம் சொன்னது, அவர் மூலம் அடுப்படி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்று உங்களுக்கு மலையும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. உங்களைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சம். ‘என்ன நினைப்பாரோ’ என்கிற எண்ணம். அந்தக் கூச்சத்தையும் ஜெபத்தில் சொல்லுங்கள். நீங்கள் பேச நினைக்கிறவருடைய பெயரையும் சொல்லுங்கள். அவருக்கு என்ன கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்த அளவு சொல்லுங்கள். தெரியாவிட்டால், இன்றைய வேலை அதைத் தெரிந்துகொள்வதுதான்.

பக்கத்துத் தோட்டக்காரர் கடன் வாங்கி போர் போட்டும் தண்ணீர் வரவில்லை என்று கேள்விப்பட்டீர்கள் அல்லவா? சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். எத்தனை அடி போட்டீர்கள் அண்ணாச்சி என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கட்டும்.