மொட்டைமாடியில் ஒரு விமானம்



எங்கள் ஊரான கண்டாச்சிபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு தெருவில் நடந்து பாருங்கள். ஒரு வீட்டு வாசலில் சாக்கு விரித்து, அதன்மேல் ராஜ்தூத் பைக் ஒன்று உறுப்பு உறுப்பாகக் கிடக்கும். அப்பா ஓட்டிய வண்டியாக இருக்கும். பிரித்துப் போட்டவருக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை, ஏழாம் நாள் இந்தச் சாக்கு. "பழைய இரும்புக்குப் போட்டுட்டு புதுசு வாங்கக் கூடாதா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அவர் காதில் விழாது. கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருப்பார்.

இந்தக் கிறுக்கு விமானிகளையும் பிடிப்பது உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், ராஜ்தூத் பாதி வழியில் நின்றுபோனால் ஓரமாகத் தள்ளி நிறுத்திக்கொள்ளலாம்.

நம் விமானப்படை பழைய டைகர் மாத் ஒன்றை இங்கிலாந்தில் சீரமைத்துக் கொண்டுவந்து, 2012 விமானப்படை நாளில் பறக்கவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இளம் விமானிகள் பழகிய இரட்டை இறக்கை விமானம் அது. அதன் இறக்கை தகரம் அல்ல, மரச்சட்டத்தின்மேல் போர்த்திய துணி. துணியைச் சட்டத்தோடு ஊசி நூலால் தைக்க வேண்டும். பிறகு 'டோப்' என்ற பூச்சு. அது காயக் காயத் துணி இறுகும். கச்சேரிக்கு முன் தவில்காரர் வாரை இழுத்துத் தட்டிப் பார்ப்பாரே, அப்படி விரலால் சுண்டிப் பார்க்கலாம். பெரிய ஜெட் ஓட்டுகிறவரும் இந்த வேலைக்கு வந்தால் முதலில் தையல் பழக வேண்டியதுதான்.

பழையதைச் சீர்செய்வது ஒருபக்கம் இருக்கட்டும். வேலையையும் விடாமல், விமானத்தையே புதிதாகச் செய்தவர் மும்பையின் கேப்டன் அமோல் யாதவ். அப்போது ஜெட் ஏர்வேஸில் விமானி. காந்திவலி பகுதியில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் கூட்டுக் குடும்பம். பட்டறை எங்கே தெரியுமா? மொட்டைமாடி! நம் வீடுகளில் வடகம் காயப்போடும் இடம். கடைசல் இயந்திரம், வெல்டிங் இயந்திரம், வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின் எல்லாம் குறுகிய படிக்கட்டு வழியாகத்தான் மேலே போயின. முந்தைய இரண்டு முயற்சிகளும் கைகூடவில்லை. மூன்றாவதாகச் செய்ததுதான் ஆறு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானம். 2016 பிப்ரவரியில் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காக அதைப் பிரித்து, கிரேன் வைத்து இறக்கினார்கள்.

இறங்கிவிட்டது. பறந்ததா? இல்லை. பதிவுச் சான்று வேண்டும். வருடக்கணக்காக அலைந்து, 2017 நவம்பரில்தான் அது கைக்கு வந்தது. அதன் பிறகு பறக்க அனுமதி, சோதனை, மறுபடியும் தாள்கள். உலோகத்தை வளைத்த வருடங்களோடு தாளுக்குக் காத்திருந்த வருடங்களும் சேர்ந்துகொண்டன. கேட்கும்போது நமக்கே கோபம் வருகிறது. ஆனால் மொட்டைமாடியில் செய்த விமானம் ஒன்று கண்டாச்சிபுரத்துக்கு மேலே பறக்கப்போகிறது என்றால், நானும் கீழே நின்று பத்துக் கேள்வி கேட்பேன்.

இதற்கிடையே 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் பறப்பதையே நிறுத்திக்கொண்டது. சம்பளம் தந்த விமானங்கள் தரையில் நின்றன. மறு வருடம், 2020இல், மகாராஷ்டிரத்தின் துலே ஓடுபாதையிலிருந்து யாதவின் விமானம் மேலெழுந்தது.

நம் ராஜ்தூத்காரர் இந்நேரம் பிஸ்டனை மாட்டியிருப்பார். வண்டி கிளம்பினாலும் ஆர்.சி. காலாவதியாகி எத்தனை வருடமோ. நாளைக்குத் திங்கள்கிழமை, அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவர் வரிசையில் நிற்க வேண்டும்.