நான்காவது சுதந்திரம்

சுங்கை பூலோவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டி வாய் திறந்து கிடக்கிறது. நாளைக் காலை திருச்சிக்கு விமானம். அம்மா மைலோ டின்னை உள்ளே வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார். கோடாலித் தைலப் பாட்டில்களைத் துண்டில் சுற்றி நடுவில் செருகுகிறார். கயிறு கட்டி, கைத்தராசின் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்க்கிறேன். இரண்டு கிலோ அதிகம். "என் சேலையை எடுத்துரு, டின்னு இருக்கட்டும். அங்க பிள்ளைங்க இருக்கு" என்கிறார் அம்மா.

இந்தப் பெட்டி கடல் தாண்டிப் போகிறதென்றால் அதற்குப் பின்னால் எத்தனையோ கையெழுத்துகள் இருக்கின்றன. வானம் எல்லோருக்கும் பொது என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1944-இல் சிகாகோவில் கூடிய நாடுகள், தத்தம் நிலத்துக்கு மேலே உள்ள வானம் தத்தமக்கே உரியது என்று எழுதி வைத்தன. அடுத்தவர் வானத்துக்குள் நுழைவதற்கான உரிமைகளை 'வான்வழிச் சுதந்திரங்கள்' என்று எண்ணிட்டு வரிசைப்படுத்தின. முதலாவது, தரையிறங்காமல் மேலே பறந்து செல்வது. இரண்டாவது, எரிபொருளுக்கோ பழுதுக்கோ இறங்குவது. மூன்றாவது, தன் நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றி அயல்நாட்டில் இறக்குவது. நான்காவது, அயல்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றித் தன் நாட்டுக்குக் கொண்டுவருவது.

இந்த உரிமைகளை நாடுகள் நெடுங்காலம் எண்ணி எண்ணித்தான் கொடுத்தன. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்க ஒரு மணி நேரம் போதும். ஆனாலும் அந்த வழி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரு நாட்டுத் தேசிய நிறுவனங்களின் கையிலேயே இருந்தது. மலிவுக் கட்டண விமானங்களுக்கு அது திறந்தது 2008 பிப்ரவரியில்தான். அட்லாண்டிக் கடலின் மேலும் இதே கதை. லண்டன் ஹீத்ரோவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறக்க, 1977-இல் வந்த ஒப்பந்தத்தின்படி இரண்டு பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கும் இரண்டு அமெரிக்க நிறுவனங்களுக்கும் மட்டுமே இடம். ஐரோப்பாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட 'திறந்த வானம்' ஒப்பந்தம் 2008 மார்ச் 30-இல் நடைமுறைக்கு வந்தது. காத்திருந்த நிறுவனங்கள் புதிய வழிகளோடு புறப்பட்டன. ஏர் பிரான்ஸ்கூட லண்டனிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பறந்தது. ஆனால் அந்த வழி அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோனது. வழி திறந்தால் மட்டும் போதாது. அதில் போகவும் வரவும் ஆள் வேண்டும்.

நம் வழி திறந்த கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 2003-இல் பாலியில் நடந்த ஆசியான் - இந்தியா உச்சநிலைக் கூட்டத்தில், இந்தியப் பிரதமர் வாஜ்பாய் ஆசியான் நாடுகளின் விமானங்களுக்கு வானத்தைத் திறந்துவிட்டார். நான்கு பெருநகரங்களுக்கு நாள்தோறும் வரலாம். சுற்றுலாத் தலங்கள் என்று குறித்த 18 ஊர்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்பது அறிவிப்பு. கோவா, ஜெய்ப்பூர், காசி என்று நீண்ட அந்தப் பட்டியலில் திருச்சிராப்பள்ளியும் இருந்தது. 2008 டிசம்பரில் ஏர் ஆசியா கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறக்கத் தொடங்கியது. பட்டியல் எழுதியவருக்குத் திருச்சி ஒரு சுற்றுலாத் தலமாக இருந்திருக்கலாம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பயணச்சீட்டு வாங்கப் போனவர்களுக்கு அது 'ஊரு'.

என் தாத்தா அந்த ஊரை விட்டது ரஜூலா கப்பலில். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல் அது. லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கங்காணி கூட்டி வந்தார். அப்போது தாத்தாவுக்குப் பதினெட்டு வயது. மேல்தளத்தில் பாய் விரித்து, ஒரு வாரத்துக்கு மேல் கடலிலேயே படுத்துக் கிடந்து வந்தாராம். பிறகு சுங்கை பூலோ வட்டாரத்துத் தோட்டத்தில் லயத்து வீடு, விடியுமுன் பால்மரம், சாகும்வரை அதே வாழ்க்கை. அவருடைய அம்மா இறந்த செய்தி கடிதமாக வந்தபோது, அங்கே கருமாதி முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றும் மரம் சீவப் போனார் என்று அப்பா சொல்வார்.

வான்வழிச் சுதந்திரங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாதான் நினைவுக்கு வருகிறார். ஆட்களை ஏற்றி வந்து அயல்நாட்டில் இறக்கும் மூன்றாவது சுதந்திரம் அவர் காலத்துக் கப்பலுக்குத் தாராளமாக இருந்தது. திருப்பிக் கொண்டுபோகும் நான்காவதும் ஏட்டளவில் இருந்தது. கப்பல் திரும்பிப் போய்க்கொண்டுதான் இருந்தது. தோட்டச் சம்பளத்தில் குடும்பத்தோடு அதில் ஏற அவரால் முடியவில்லை. பின்னாளில் ஓடிய சிதம்பரம் கப்பலும் 1985-இல் தீப்பிடித்த பிறகு நின்றுபோனது. சுபாங்கிலிருந்து மெட்ராஸுக்கு விமானங்கள் இருந்தன. அவை எங்கள் கூரைக்கு மேலேதான் பறந்தன. அவற்றின் சத்தம் மட்டும் எங்களுக்குச் சொந்தமாக இருந்தது.

ஊரில் தாத்தாவின் தங்கை இருந்தார். அப்பாவுக்கு அத்தை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "எப்ப சாமி வருவ?" திருச்சி விமானம் தொடங்கியபோது, "இனி என்ன அத்தை, நினைச்சா நாலு மணி நேரம்" என்றார் அப்பா. நினைத்தால் போகலாம் என்பதாலேயே போகவில்லை. அடுத்த தீபாவளி, பள்ளி விடுமுறை, வீட்டுக் கடன் முடியட்டும் என்று மூன்று ஆண்டுகள் ஓடின. ஒரு மாலை அத்தை போய்விட்டார். மறுநாள் காலை விமானத்தில் அப்பா புறப்பட்டார். கொள்ளி வைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் வலிக்கு என்று அத்தைக்கு எப்போதோ வாங்கி வைத்திருந்த தைலப் பாட்டிலை அவர் கால்மாட்டில் வைத்துவிட்டு வந்தார்.

கடல் குறுக்கே கிடந்தவரை நம் உறவுகளின் குறை எல்லாம் கடலின் குறையாகவே தெரிந்தது. தாத்தா போகாததற்குக் கடல் காரணம், காசு காரணம். அவரை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அந்தக் கடலை விமானம் நாலு மணி நேரமாக்கிவிட்டது. அதன் பிறகும் எஞ்சி நிற்கும் தூரம் நம்முடையது. அதை எந்த ஒப்பந்தமும் குறைக்காது. இரண்டு அரசுகள் கையெழுத்திட்டு வானத்தைத் திறக்கலாம். அங்கே நமக்காகக் காத்திருப்பவரின் ஆயுளை அவர்களால் நீட்டிக்க முடியாது. திரும்பிப் போகும் சுதந்திரத்துக்கு ஒரு காலக்கெடு உண்டு. வாசலில் நின்று "வந்துட்டியா" என்று கேட்க ஒருவர் இருக்கும்வரைதான் அந்தக் கெடு.

அத்தையின் மருமகள் இருக்கிறார். பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நேற்று போன் செய்து நாங்கள் வருகிறோம் என்று சொன்னபோது, அந்தப் பக்கம் குரல் பதறியது: "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா" என்றார் அப்பா. "கல்யாணமும் இல்ல, காரியமும் இல்ல. சும்மா உங்களைப் பாக்கத்தான் வர்றோம்."

பெட்டியை மறுபடி தராசில் தூக்குகிறேன். இப்போது எடை சரியாக இருக்கிறது.