நம்பிக்கையே முதல்

மலாயாவில் 1948-ம் ஆண்டு ஜூனில் மூண்ட உள்நாட்டுப் போருக்கு அரசாங்கம் இட்ட பெயர் அவசரகாலம். காட்டிலிருந்தோருக்கு உணவு போய்ச் சேரக்கூடாதென்று தோட்டப்புறங்களில் அரிசிக்குப் பங்கீடு வந்தது. உணவு டின்களைத் துளையிட்டே விற்க வேண்டுமென்று கடைக்காரர்களுக்குக் கட்டளை. வாங்குபவரும் விற்பவரும் ஒருங்கே சந்தேகத்துக்கு ஆளாயினர்.

இக்கட்டுப்பாடுகள் முதன்முதலாக நீங்கியது நமது மலாக்காவின் ஒரு பகுதியில்தான். அது 1953 செப்டம்பரில். 1956 பிப்ரவரி 20-ல் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திர நாளை அறிவித்ததும் மலாக்காவில்தான். 1957 ஆகஸ்டு 31-ல் சுதந்திரம் வந்தது. அவசரகாலம் முடிந்ததோ 1960 ஜூலை 31-ல். ஆக, புது நாடு பிறந்தபோது சந்தேகமும் உடன் இருந்தது.

சட்டத்தை ஒரு கையெழுத்தால் நீக்கலாம். மனத்திலுள்ள சந்தேகத்தை எந்தக் கெஜட்டால் நீக்குவது? போருக்குப்பின் எழும் எந்த நாட்டுக்கும் பெரிய சோதனை இதுவே. காட்டுக்குப் போனவர் சிலர். ஆனால் சீனர் அனைவரையும் ஐயத்தோடு நோக்கியவர் பலர். நம்மவரும் அதற்கு விலக்கல்லர் என்பதை மறைப்பானேன்?

வியாபாரிகளாகிய நாம் அறியாததா? ஒருவன் கடனைக் கொடாமல் ஓடிவிட்டான் என்பதற்காகத் தோட்டத்தார் எல்லோருக்கும் பற்றை நிறுத்தினால், கடையையும் மூட வேண்டியதுதான். கணக்கு வேண்டும்; ஆனால் ஒருவர் கணக்கை மற்றவர் பெயரில் எழுதலாகாது.

அப்படியாயின், முதலில் நம்ப வேண்டியவர் யார்? இழந்தாலும் தாங்கக்கூடியவரே. கடன் கொடுப்பவர் முந்திக்கொண்டால்தான் வாங்குபவர் நாணயத்தைக் காட்ட வழியுண்டு. பெரும்பான்மையோருக்கும் செல்வருக்கும் உரிய கடமை இது. நாடும் ஓர் அமானிதமே. அதைச் சந்தேகத்தால் காக்க முடியாது.