கேளாமல் விட்ட கேள்வி

முலாம் பூசும் பட்டறைக்காரர் பொதுவாகப் பாதரசத்தை விலைக்கு வாங்குவதில்லை. நிக்கலும் குரோமியமும் துத்தநாகமுமே அவர் கையாளும் பொருள்கள். ஆயினும் அவர் தொட்டியிலிருந்து வழியும் கழிவுநீரில் பாதரசம் இருக்கக்கூடும். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும் காஸ்டிக் சோடா, பாதரசக் கலன்களில் செய்யப்பட்டதாயின் அதில் அதன் சுவடு தங்கியிருக்கும். துருவை அகற்றும் கந்தக அமிலம், உலோகத் தாதுக்களை வறுக்கும்போது எழும் புகையிலிருந்து பிடிக்கப்பட்டதாயின் அதிலும் சுவடு இருக்க இடமுண்டு.

தாம் அறியாத ஒன்றிற்கு அவர் பொறுப்பாளியா?

அறநெறி நூலார் அறியாமையை இருவகையாகப் பகுப்பர். முயன்றும் நீக்க இயலாதது ஒன்று, அது குற்றமன்று. கேட்டால் நீங்கிவிடும், ஆயினும் கேளாமலே விடப்பட்டது மற்றொன்று. அமிலம் விற்றவரிடம் பகுப்பாய்வுச் சான்று கேட்க ஒரு கடிதம் போதும் அன்றோ?

1984இல் போபாலில் மக்கள் மடிந்தபின், 1986இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. ஆலைகள் வெளியேற்றும் நச்சுப்பொருள்களை எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். சிறிதளவே கலந்திருந்தால் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற சலுகையும் அதில் இருந்தது. 2000ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து பாதரசத்திற்கு அச்சலுகை நீக்கப்பட்டது. ஆண்டுக்குப் பத்து பவுண்டு, அதாவது ஏறத்தாழ நாலரைக் கிலோ புழங்கினாலே அறிக்கை தர வேண்டும். மடிந்தவர் நம்மவர், அத்தகைய பொதுப் பதிவேடோ நம் நாட்டில் இன்றும் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு ஆண்டறிக்கைகள் செல்கின்றன, அவ்வளவே.

அதனால் நாம் அறியவேண்டியதைத் தற்செயலாகவே அறிகிறோம். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் படிந்த கண்ணாடிச் சில்லுகள் 2001இல் வெளிப்பட்டது எந்த அறிக்கையாலுமன்று. அவை ஒரு பழைய இரும்புக்கடையில் கிடந்தன.

எண்ணூருக்கு வருவோம். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்தார் நெடியால் விழித்து ஓடினர். பாதரசத்திற்கு நெடியில்லை. கழிமுகச் சேற்றில் நுண்ணுயிர்கள் அதை வேறு வடிவமாக்க, அது மீனின் தசையில் சேர்கிறது. அச்சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்போருக்கு யார் சொல்வது?

எழுதிக் கொடுத்தால் பட்டறையை மூடிவிடுவார்கள் என்று சிறு முதலாளிகள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் பொய்யன்று. ஆனால் அச்சுவடு அவர்கள் பட்டறையில் பிறந்ததன்று. படிவத்தில் அது ஏறிவிட்டால், அடுத்த கேள்வி அமிலத்தை விற்ற பெரிய ஆலையின் வாசலுக்கே போகும்.