பிள்ளைகள் நம் கையில் அமானிதம்

 

நம் சமூகத்துப் பையன் ஒருவன் திருட்டிலோ அடிதடியிலோ போலீஸில் அகப்பட்டான் என்று சேதி வந்தால், பள்ளிவாசல் திண்ணையில் நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? "சேர்க்கை சரியில்லை, பதினைந்து வயதில் கெட்டுப்போனான்" என்கிறோம். அரிசி மூட்டையில் வண்டு பறக்கக் கண்டவுடன், இன்றுதான் வண்டு விழுந்தது என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா? அது உள்ளே புகுந்து பல நாளாகியிருக்கும். பிள்ளை விஷயமும் அப்படியே.

ஒவ்வொரு குழந்தையும் தூய இயல்பிலேயே பிறக்கிறது என்பது நம் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்பித்த பாடம். ஆகவே 'பிறவிப் போக்கிரி' என்ற சொல் முஸ்லிமின் வாயில் வரலாகாது. அப்படியானால் கோணல் எங்கே தொடங்குகிறது?

இதைப் பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் உண்டு. லண்டன் மாநகரின் தென்பகுதியில் 1961-ஆம் ஆண்டு, எட்டு ஒன்பது வயதுப் பையன்கள் 411 பேரை டொனால்ட் வெஸ்ட் என்பவர் கவனிக்கத் தொடங்கினார். பின்னர் டேவிட் ஃபாரிங்டன் என்பவர், அவர்கள் ஐம்பது வயதை எட்டும்வரை தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பத்துக்கு நான்கு பேர் வாழ்நாளில் ஒரு முறையேனும் கோர்ட்டில் தண்டனை பெற்றனர். ஆனால் மொத்தத் தண்டனைகளில் ஏறக்குறையப் பாதி, நூற்றுக்கு ஏழு பேர் மீதே விழுந்தது. பத்து வயதுக்குள்ளேயே அவர்கள் வீட்டில் அடையாளங்கள் தெரிந்தன: வறுமை, கவனிப்பின்மை, கடுமையான அடி, தாய் தகப்பன் சண்டை, குற்றவழியில் சென்ற பெற்றோர், பள்ளிப் படிப்பில் பின்தங்கல், அடங்காத துடுக்கு.

வறுமை நம் கையில் முழுதும் இல்லை. அதற்கு ஜகாத்தும் சங்கமும் உண்டு. மற்றவற்றைப் பார்ப்போம்.

முதலாவது கவனிப்பு. பேரேட்டில் ஐந்து காசு பிசகினால் இரவெல்லாம் விழித்துத் தேடுகிறோம். மாலை முழுதும் மகன் எங்கிருந்தான், யாரோடிருந்தான் என்று ஒரு வார்த்தை கேட்கிறோமா? "கடையைப் பூட்டிவிட்டு அவனுக்குக் காவலிருக்கவா?" என்று கேட்கலாம். வேண்டாம். ஒரு வேளைச் சோறு அவனோடு உண்ணுங்கள். அவன் கூட்டாளிகளின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்குத் தகப்பன் கல்லாப்பெட்டியாக மட்டும் தோன்றலாகாது.

இரண்டாவது கை. நாயகமவர்கள் பேரர் ஹஸனை முத்தமிடக் கண்ட அக்ரஃ இப்னு ஹாபிஸ், தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று சொன்னார். இரக்கம் காட்டாதவனுக்கு இரக்கம் காட்டப்படாது என்பதே அவருக்குக் கிடைத்த பதில். திருக்குர்ஆனில் லுக்மான் தம் மகனுக்குப் புத்தி சொல்லும்போதும் மும்முறை செல்லமாக அழைத்தே சொல்கிறார். குரலைத் தாழ்த்து என்பதும் அந்த உபதேசத்தில் ஒன்று. அதை நாம் பிரம்பை ஓங்கிக் கூச்சலிட்டுச் சொன்னால் எப்படி ஏறும்?

மூன்றாவது வீட்டுச் சண்டை. கணவன் மனைவி வாக்குவாதம் செய்யும்போது சுவரோரம் தூங்குவதாக நாம் நினைக்கும் குழந்தை தூங்குவதில்லை.

நான்காவது படிப்பு. பின்தங்கிய பிள்ளையை 'மக்கு' என்று ஒதுக்காமல் சிறு வயதிலேயே கைகொடுக்க வேண்டும். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்ஸிலாண்டி ஊரில், 1962-ல் தொடங்கி, ஏழைக் குழந்தைகள் 123 பேரில் ஒரு பகுதியினருக்கு மூன்று நான்கு வயதிலேயே நல்ல பாலர் பள்ளி அளித்தார்கள்; ஆசிரியைகள் வீடு தேடியும் சென்றார்கள். அவர்கள் நாற்பது வயதை எட்டியபோது, ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் அப்பள்ளி கிடைக்காதவர்களில் நூற்றுக்கு 55, கிடைத்தவர்களில் 36. அப்பள்ளி எல்லாரையும் காக்கவில்லை. ஆயினும் பலரைக் காத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அடையாளம் வேறு, விதி வேறு. இந்தக் குறைகள் அத்தனையும் சூழ வளர்ந்தும் நேரான பையன்கள் லண்டனிலும் இருந்தார்கள். வாலிபத்தில் தோன்றும் குறும்பு பெரும்பாலோரிடம் வயதோடு அடங்கிவிடும் என்று, நியூஸிலாந்தின் டுனீடின் நகரத்துப் பிள்ளைகளை ஆராய்ந்த டெர்ரி மாஃபிட் அம்மையார் 1993-ல் எழுதினார். எனவே எவன் நெற்றியிலும் முத்திரை குத்தாதீர்கள்.

ஒரு முறை அகப்பட்ட பையனை மதரஸா வகுப்பிலிருந்து நீக்கச் சொல்வோர் நம்மிடையே உண்டு. மற்றப் பிள்ளைகள் கெடுவார்களே என்ற அவர்கள் அச்சமும் பொய்யன்று. ஆனால் லண்டன் ஆராய்ச்சியில், தண்டனை பெற்ற பையன்களின் தீச்செயல் அதன்பின் குறையவில்லை, கூடியது. நாமும் கதவடைத்தால் அவனுக்குத் திறந்திருக்கும் கதவு எது? விபசாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த வாலிபனைச் சுற்றியிருந்தோர் அதட்டினார்கள். நாயகமவர்களோ அருகே அழைத்து, உன் தாய்க்கு, உன் சகோதரிக்கு இதை விரும்புவாயா என்று கேட்டு, அவன்மீது கை வைத்து துஆச் செய்தார்கள். அவனைத் திருத்தியது அந்தக் கைதான்.

சகோதரர்களே! பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நாளை மஹ்ஷரில் அந்தக் கணக்கும் கேட்கப்படும். இன்றிரவு கடை கட்டியதும் பேரேட்டை மூடிவிட்டு, மகன் பக்கத்தில் சற்று உட்காருங்கள். வல்ல ரஹ்மான் நம் மக்களை நேர்வழியில் நிறுத்துவானாக! ஆமீன்.