ஏழரைக் கிலோ

மகளிர் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது 2000ஆம் ஆண்டு, சிட்னி நகரில். அங்கு 69 கிலோ பிரிவில் ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னாட்ச் முறையில் 110, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 130, ஆக 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. ஆயினும் நம் மனம் அவரது கடைசி முயற்சியிலேயே நின்றுவிடுகிறது. 130இலிருந்து 137.5க்குத் தாவினார், தூக்க இயலவில்லை. முதலிரு இடங்களைப் பெற்றோரின் மொத்தமோ 242.5 தான். 135 போதுமாயிருந்தது! ஏழரைக் கிலோ கூட்டியது பேராசையன்றோ? (ஏழரை என்றதும் சிலர்க்குச் சனி நினைவுக்கு வரலாம், அதை விடுவோம்.)

போட்டி முடிந்தபின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்கிடுவது எளிது. எடையைக் குறிக்கும் வேளையில் முடிவை அறிந்தவர் எவருமிலர். அந்தக் கம்பி தலைக்குமேல் நிலைத்திருந்தால் அதே ஏழரைக் கிலோவை நாம் துணிவு என்று போற்றியிருப்போம். பேராசை உள்ளத்தில் இருப்பது. கம்பி விழுந்ததனால் அது புதிதாகப் பிறந்துவிடுமா? மேலும், அவர் கேட்டது தம் உடலிடம் மட்டுமே. பிறர் பொருளை அன்று.

பிள்ளையின் படிப்புக்காகக் கடன்படும் தந்தையையும் நாம் இப்படித்தான் அளக்கிறோம். மகனுக்கு வேலை கிடைத்தால் அவர் தொலைநோக்குடையவர். கிடைக்காவிடில், தகுதிக்கு மீறி ஆசைப்பட்டவர். வங்கியில் அவர் கையொப்பமிட்ட நாள் என்னவோ ஒன்றுதான்.